என் இறகு ஈக்கு மயங்கிய மீன்கள்

நான் முதன்முதலில் பிடித்த மீனை மாமா பிடுங்கி ஏலச்செடிகளுக்குள் வீசி எறிந்தார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. யார் மேல் என்பதுதான் மாறியிருக்கிறது.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. அம்மாவின் தம்பியான மாமா போடியில் எங்களோடுதான் இருந்தார். விடியுமுன் ஜீப்பில் மலையேறி ஏலத்தோட்ட வேலைக்குப் போவார். ஞாயிற்றுக்கிழமையும் அங்கேதான் போவார், தூண்டிலோடு. "லீவு நாள்லயும் அந்த மலைதானா ஒனக்கு?" என்று அம்மா திட்டினால் சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டுவார்.

அவருடைய மண்புழுத் தூண்டில் மேல் எனக்கு மதிப்பே கிடையாது. அம்மாவின் போனில் ஒரு வெள்ளைக்காரர் ஆற்றில் இடுப்பளவு நின்று தூண்டில் வீசுவதைப் பார்த்திருந்தேன். முள்ளில் இறகைச் சுற்றி ஈ போலச் செய்து, நூலைச் சாட்டையாய்ச் சுழற்றி எறிகிறார். மீன் ஏமாந்து துள்ளிக் கவ்வுகிறது. அன்றே எதிர்வீட்டுச் சேவலைத் துரத்தி ஓர் இறகு பிடுங்கினேன். சிவப்பு நூலால் ஓர் ஈ கட்டினேன்.

"ஈயா இது? ஜிமிக்கி மாதிரில்ல இருக்கு" என்றார் மாமா. "மீனு காதுல மாட்டிக்கிட்டுப் போயிரும்."

அழுது அடம்பிடித்து அடுத்த ஞாயிறு அவரோடு ஏறிவிட்டேன். ஒரே நிபந்தனைதான்: "அங்க வாயத் தொறக்கக் கூடாது ஆத்தா."

அது எனக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று என் டீச்சர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஓடைக்கரையில் காலை ஆட்டினேன், கல் பொறுக்கினேன், பெருமூச்சு விட்டுப் பார்த்தேன். மாமா திரும்பவே இல்லை. தக்கை முங்கியதைக்கூட அவர் கவனிக்கவில்லை. கண்ணை மூடி, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். மீன் பிடிக்க வந்த ஆளா இவர் என்று எரிச்சலாக இருந்தது. ஆனால் மர நிழலும் தண்ணீர்ச் சத்தமும் என்னையும் என்னவோ செய்தன. எப்போது அசையாமல் உட்கார்ந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

அப்போதுதான் மீன்கள் வந்தன. ஒன்றிரண்டல்ல, கூட்டமாக. தண்ணீருக்கு மேல் வாயைத் திறந்து திறந்து மூடின. வெள்ளைக்காரருக்குக்கூட இப்படி வரவில்லை. முழங்கால் அளவில் இறங்கி ஈயை வீசினேன். மாட்டியது. வாயில் அல்ல, விலாவில். அதையெல்லாம் யார் பார்த்தார்கள்.

"மாமா, மீனு விழுந்திருச்சு."

கண் திறந்தவர் என் மீனைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்த்தார். "வெரசா மேல ஏறு. ஏறுங்கிறேன்ல." கையைப் பற்றி இழுத்தார், மீனைப் பிடுங்கி எறிந்தார். ஓடைக்கு மேலே ஓடினார். யாரையோ கெட்ட வார்த்தையில் திட்டுவது கேட்டது. "குடிக்கிற தண்ணிடா இது" என்று கத்தினார். திரும்பி வந்து, கொண்டுவந்திருந்த குடிதண்ணீர் முழுவதையும் ஊற்றி என் கையையும் காலையும் தோல் எரியத் தேய்த்தார்.

"மருந்தடிச்ச டிரம்மக் கொண்டாந்து ஓடையில கழுவுறானுக" என்றார்.

பக்கத்துத் தோட்டத்துப் பூச்சிமருந்து அது. மூச்சு முட்டித்தான் மீன்கள் மேலே வந்திருக்கின்றன. இன்றைக்கும் அப்படித்தான் கழுவுகிறார்கள். போன மாதம் நான் கேட்டதற்கு, "மழ பேஞ்சா சரியாயிரும், நீ படிச்ச புள்ள, ஒனக்கெதுக்கு" என்றார் அங்கே டிரம் கழுவிக்கொண்டிருந்த ஒருவர்.

அன்று எனக்கு விளங்கியது வேறு. பொறாமையில் என் மீனை எறிந்துவிட்டார் என்று அம்மாவிடம் புகார் சொன்னேன். அதன்பின் ஞாயிறுகளில் மாமா மலைக்குப் போகவில்லை, கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நல்லா வேணும் என்று நினைத்துக்கொண்டேன்.

எத்தனை தேய்த்தும் என் விரல்களில் ஒரு நெடி போகவில்லை. அது எனக்குப் பழகிய நெடிதான். மருந்தடிக்கிற சோலி முடிந்து வரும் மாமாவின் சட்டையில் தினமும் அது இருக்கும். ஏலக்காய் வாசனை என்றால் அதுதான் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.