எதிர்த்துப் பேசாத செடி

மூன்று நாளைக்குப் பிறகு இன்று குழாயில் தண்ணீர் வந்தது. அது வாளியில் விழும் சத்தம் கேட்டதுமே, சிறுவயதில் நாங்கள் இருந்த ஜங்லிகாட் வீட்டு வாசலில் நின்ற அப்பாவின் ரோஜாச் செடி நினைவுக்கு வந்து எரிச்சல் மூட்டியது. மெயின்லேண்டிலிருந்து தீவுக்குக் கப்பலில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த செடி. அம்மா வரிசையில் நின்று தூக்கிவரும் முதல் குடம் அதற்குத்தான். பூத்தால் தெருவே மணக்கும். அரை வாளியில் குளித்த எங்கள்மேல் வியர்வை நாறும்.

"ஏம்ப்பா இந்தச் செடிமேல மட்டும் இவ்ளோ பிரியம்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அரே, உன்ன மாதிரி, உங்கம்மா மாதிரி இது எதிர்த்துப் பேசாது."

பக்கவாதத்தில் பேச்சு நின்றுபோய், அப்பா இப்போது என் வீட்டுக் கட்டிலில் கிடக்கிறார். முதல் வாளித் தண்ணீரில் அவரைத் துடைத்துவிட்டேன். எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அப்படியும் அவர்மேல் எனக்குப் பிரியம் வரவில்லை.