படத்தில் தெரிந்த கறுப்பு

எனக்கு எந்த நோயும் இல்லை என்பதால்தான் என்னைக் கூப்பிட்டார்கள். கோயம்புத்தூரில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஒரு மாணவி, சின்ன வயதிலிருந்தே இரண்டு மொழி பேசுகிறவர்களின் மூளையைப் படம் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நீலகிரியில், கேத்தியில் வளர்ந்தவள். வீட்டில் தமிழ், வெளியே விளையாடப் போனால் படுகர் பிள்ளைகளோடு படுகப் பேச்சு. எது முதலில் வந்தது என்று எனக்கே தெரியாது. குன்னூரில் நான் வேலை பார்க்கும் தேயிலை ஃபேக்டரி ஆபீசுக்கு ஆள் தேடி வந்தவள், நான் போனில் ஒரு பேச்சிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதைக் கேட்டுவிட்டு, "அக்கா, நீங்க கண்டிப்பா வரணும்" என்றாள்.

படம் எடுக்கப் போவதற்கு முன்பு அவள் ஒன்று கேட்டாள். "படத்துல எதேச்சையா ஏதாவது தெரிஞ்சா உங்ககிட்டச் சொல்லட்டுமா, வேண்டாமா?"

"சொல்லு, அதிலென்ன?" என்று சிரித்தேன்.

ஊசி இல்லை, மருந்து இல்லை, பெரிய காந்தம் மட்டும்தான் என்றார்கள். உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது. தோடு, வளையல், கடைசியில் தாலியையும் கழற்றி என் கணவரிடம் கொடுத்தேன். அவர் குன்னூர் பஜாரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். எதையும் சட்டென்று பையில் போடுகிற ஆள். அன்றைக்குத் தாலியைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு அதன் மேலேயே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மெஷினுக்குள் படுக்க வைத்துத் தலையைச் சுற்றி ஒரு கூண்டை மாட்டினார்கள். பயமாக இருந்தால் அழுத்தச் சொல்லிக் கையில் ஒரு ரப்பர் உருண்டை. மெஷின் தகரத்தில் சம்மட்டியால் அடிப்பதுபோல் சத்தம் போட்டது. அதற்கு நடுவே ஹெட்போனில் வார்த்தைகள் வந்தன. "பால்" என்றது ஒரு குரல். கொஞ்சம் பொறுத்து அதையே படுகத்தில் "ஹாலு" என்றது. சாப்பிடவோ குடிக்கவோ கூடிய பொருளின் பெயர் வந்தால் பட்டனை அழுத்த வேண்டும். அந்த நேரத்தில் மூளையின் எந்தப் பகுதிக்கு ரத்தம் அதிகம் போகிறது என்று அவர்கள் பார்ப்பார்கள். எனக்கு விளையாட்டாகத்தான் இருந்தது. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் அந்தப் பெண், "சூப்பர்க்கா, அடுத்தது" என்பாள்.

கடைசியாக, வார்த்தை எதுவும் இல்லாமல், மூளையின் அமைப்பை மட்டும் எடுத்தார்கள். சத்தம் நின்றது. அவள் குரல் வரவில்லை. காத்திருந்தேன். பிறகு வேறு ஓர் ஆணின் குரல் வந்தது. "அம்மா, அசையாம இருங்க. இன்னும் ஒரு படம் சேர்த்து எடுக்கிறோம்."

உருண்டையை அழுத்தவில்லை. ஆனால் உள்ளங்கை வியர்வையில் அது வழுக்கிக்கொண்டே இருந்தது.

வெளியே வந்ததும் அந்தப் பெண் என் முகத்தைப் பார்க்காமல், "எங்களுக்கு இதைப் படிச்சுச் சொல்ற தகுதி இல்லைக்கா. டாக்டர் பார்த்துட்டுக் கூப்பிடுவார்" என்றாள்.

"எதைப் பார்த்துட்டு?"

"இடது பக்கம் கொஞ்சம் கறுப்பா தெரியுது. பயப்படாதீங்கக்கா."

பயப்படாதே என்று சொன்ன பிறகு வேறென்ன செய்வது? ஹாஸ்டலில் இருக்கும் மகளிடம் சொல்ல வேண்டாம் என்று மலை ஏறும் பஸ்ஸில் முடிவு செய்தோம்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் நானே என்னைக் காவல் காத்தேன். குன்னூரில் மழை விடவில்லை. டவர் கிடைக்காமல் டாக்டரின் போன் தவறிவிடுமோ என்று வீட்டு வாசலுக்கும் ரோட்டுக்கும் நடந்துகொண்டிருந்தேன். மார்க்கெட்டில் கொத்தமல்லிக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதன் பெயர் வராமல் நின்றேன். எத்தனையோ முறை இப்படி மறந்திருக்கிறேன். இப்போது அப்படி விட முடியவில்லை. தமிழில் வராததைப் படுகத்தில் தேடினேன். அதுவும் வரவில்லை. இரண்டு பேச்சில் எது முதலில் போகும் என்று யோசித்தபடி வீடு வந்து சேர்ந்தேன்.

என் கணவர் திடீரென்று கேள்வி கேட்கத் தொடங்கியிருந்தார். "ஏம்புள்ள, நேத்து என்ன கொழம்பு வெச்சே?" "நம்ம கல்யாணத்துக்கு மைக் செட் எந்த ஊர்லருந்து வந்துச்சு?" முதலில் சாதாரணமாகப் பதில் சொன்னேன். பிறகுதான் புரிந்தது.

"ஏனுங்க, எனக்குப் பரிச்சை வெக்கறீங்களா?" என்று கத்தினேன்.

அவர் தட்டிலிருந்து கையை எடுத்தார். "எனக்கு வேறென்ன பண்றதுன்னு தெரியலை புள்ள" என்றார். அவர் உதடு நடுங்கியதை அன்றுதான் பார்த்தேன். என் பயத்தைவிட அது என்னை அதிகம் பயமுறுத்தியது.

டாக்டர் ஒருநாள் கூப்பிட்டார். நேரில் வரச் சொன்னார். நல்ல சேதி என்றால் போனிலேயே சொல்லியிருப்பாரே என்று மேட்டுப்பாளையம் வரை எனக்கு அதே நினைப்பு.

படத்தைத் திரையில் போட்டுக் காட்டினார். இடது காதுக்கு மேலே ஒரு கறுப்புக் குழி. "இது கட்டி இல்லீங்கம்மா. நீர் நிறைஞ்ச பை. அநேகமா பொறக்கும்போதே இருந்திருக்கும். இதுக்கு மருந்தும் வேண்டாம், ஆபரேஷனும் வேண்டாம்."

"அப்ப அங்க இருக்க வேண்டிய மூளை என்னாச்சுங்க?"

"கொஞ்சம் தள்ளி உக்காந்திருக்கு. அவ்வளவுதான். எதுக்கும் ஒரு வருஷம் கழிச்சு இன்னொரு படம் எடுத்துப் பார்த்துடலாம்."

என் கணவர் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். நான் அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கேத்தியில் ஓடி விளையாடியபோதும், பிள்ளை பெற்றபோதும் அது கூடவே இருந்திருக்கிறது.

அந்தப் பெண் வெளியே காத்திருந்தாள். என் மூளையின் வடிவம் மாறியிருப்பதால், மற்றவர்களுடையதோடு சேர்த்துச் சராசரி எடுக்க முடியாது என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். ஆனாலும் லேப்டாப்பைத் திறந்து என் படத்தைக் காட்டினாள். தமிழுக்கும் படுகத்துக்கும் தனித்தனி நிறம். இரண்டும் பெரும்பாலும் ஒன்றன்மேல் ஒன்றாக, அந்தக் குழியின் ஓரமாகவே படிந்திருந்தன. இவ்வளவு நெருக்கத்திலா?

மறு வருடமும் படம் எடுத்தார்கள். அதே அளவுதான், மாற்றம் இல்லை, இனி வர வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். திரும்பி வரும்போது மலைப்பாதையில் பர்லியாறு தாண்டியதும் காது அடைத்தது. என் கை தன்னால் இடது பக்கத் தலைக்குப் போனது. என் கணவர் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என்ன புள்ள?"

"காது அடைக்குதுங்க. அவ்வளவுதான்" என்றேன்.

அவர் தலையாட்டினார். குன்னூர் வரும்வரை என் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.