வெட்டச் சொன்ன நான்கு இழைகள்

எங்கள் தொழிற்சாலையின் கழிவுநீர் நிலையத்துக்குப் போகும் காப்பர் கேபிளை மூன்றாவது தடவையாகத் திருடர்கள் அறுத்துக்கொண்டு போயிருந்த காலையில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. காம்பவுண்டுச் சுவரோரம் கறுப்பு உறை மட்டும் உரித்துப் போட்டுக் கிடந்தது. அலுமினியமாக இருந்தால் இவ்வளவு மெனக்கெட்டு எவன் வருவான்?

ஒரகடத்தில் அந்தத் தொழிற்சாலையில் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. தண்டலத்துப் பக்கக் கல்லூரியில் படித்த கணக்கெல்லாம் விரல் நுனியில் இருந்தது. அலுமினியம் காப்பர் அளவுக்கு மின்சாரம் கடத்தாது, அதனால் கம்பி தடிமனாக வேண்டும். ஒன்றரை மடங்குக்கும் மேலாகப் பருமனைக் கூட்டி, மதியத்துக்குள் வரைபடத்தை மேலாளர் மேசையில் வைத்துவிட்டேன். நிலையத்து மோட்டார் எப்போது ஓடும் என்று மட்டும் கேட்டார். அந்தத் தடிக் கம்பி, மோட்டாரில் இணைப்புக் கொடுக்கும் சின்னப் பெட்டிக்குள் எப்படி நுழையும் என்று அவரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

அதைக் கேட்டவர் எலக்ட்ரீஷியன் அண்ணன். சேரப்பணஞ்சேரிக்காரர், கான்ட்ராக்ட் ஆள். கம்பி முனையில் மாட்டி அழுத்தும் லக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“மேடம், பொட்டி சின்னதா கீது. பெரிய லக்கு உள்ள போவல. சின்னதுல போட்டா நாலு இழை வெளிய நிக்குது. இன்னா பண்ணட்டும்?”

காற்று ஊதும் மோட்டார் நின்றுபோய்த் தொட்டி நாறத் தொடங்கியிருந்தது. மேலாளர் இரண்டு முறை போன் செய்துவிட்டார்.

“வெட்டிட்டுப் போடுங்கண்ணா. அப்புறம் மாத்திக்கலாம்.”

“நீங்க சொல்றீங்கன்னுதான் வெட்றேன். நாளைக்கு ஏண்டா வெட்னேன்னு என்னியக் கேக்கக் கூடாது,” என்று சிரித்தார்.

மாற்ற நான் நேரம் ஒதுக்கவேயில்லை. இழை குறைந்த அந்த முனை நாளுக்கு நாள் சூடேறித் தளர்ந்திருக்கிறது. மூன்றாம் வாரம், கருகல் வாடை வருகிறதே என்று பார்க்கப் போன அண்ணனுக்கு எதிரேயே பெட்டி வெடித்தது. முகத்தை மறைக்கத் தூக்கிய வலது கை வெந்துபோனது.

பணியாளரின் கவனக்குறைவு என்று அறிக்கை எழுதினார்கள். அவருடைய கேட் பாஸை நிறுத்தினார்கள். உன் பெயர் எதிலும் வரவில்லை, விடு என்றார் மேலாளர். அதைக் கேட்டதும் முதலில் எனக்கு வந்தது நிம்மதிதான்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டுப் போட்ட கையை மார்பின் மேல் வைத்துப் படுத்திருந்தார். வேலை போய்விட்டதா என்று மட்டும் கேட்டார். அந்த நான்கு இழைகளைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. நானும் அதைப் பேசாமல் எழுந்து வந்துவிட்டேன்.

இப்போது புது வரைபடம் போட்டிருக்கிறேன். அலுமினியக் கேபிள் மோட்டாருக்குச் சற்று முன்னால் ஒரு பெரிய பெட்டியோடு நின்றுவிடும். அதிலிருந்து மோட்டார் வரை காப்பர். சேருமிடத்தில் இரு உலோகத்துக்கும் ஏற்ற லக்கு. சரியாக வரும் என்று தோன்றுகிறது. போன தடவையும் அப்படித்தான் தோன்றியது.

இழைகளை வெட்டச் சொன்னது நான்தான் என்று தனிக் கடிதம் கொடுத்தால் மேலாளர் அதை மடித்து இழுப்பறையில் போட்டுவிடுவார். வரைபடத்தை அப்படிச் செய்ய முடியாது, மோட்டார் ஓட வேண்டுமே. அதனால் திங்கட்கிழமை அந்தத் தாளிலேயே, என் கையெழுத்துக்கு மேலே, அதை எழுதிக் கொடுக்கப் போகிறேன்.