அம்மா சொல்லாத பேர்

“…சொல்லக் கூடாதுன்னு இல்லட்டி, வாயில வரமாட்டேங்கு. நீயே சொல்லிரு,” என்று அம்மா என் காதருகே குனிந்தாள்.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் இருந்தவர், இறந்தவரின் பெயரைக் கேட்டிருந்தார். நான் நுனிக்காலில் எக்கி, அப்பாவின் பெயரையும் அதற்குப் பின்னால் தாத்தாவின் பெயரையும் கணீரென்று சொன்னேன். மாநகராட்சி அலுவலகத்தில் இறப்புச் சான்றிதழ் வாங்கப் போனபோது இப்படித்தான் ஆரம்பமானது. அந்தக் கோடை முழுவதும் அம்மாவுக்கு வாய் நான்தான்.

அப்பா புனே பக்கம் பிம்ப்ரியில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் காலை ஷிஃப்டுக்குப் போனவர், நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தார். அவ்வளவுதான். காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் ரயில் ஏறிய பிறகு, தாபோடியில் அந்த ஒற்றை அறை வீட்டில் அம்மாவும் நானும் மிச்சம். அப்பா வேலை பார்த்த இடத்திலேயே அம்மாவுக்கு ஒரு வேலை போட்டுத் தருவதாகச் சொன்னார்கள். ஆனால் இவள்தான் மனைவி, இவள்தான் வாரிசு என்று சர்க்கார் ஒரு சான்று தர வேண்டும். பள்ளி திறப்பதற்குள் அது வந்தால் புனேயில் இருக்கலாம். வராவிட்டால் திருநெல்வேலிப் பக்கம் மாமா வீட்டுக்குப் போக வேண்டும். மாமா தங்கமானவர்தான். ஆனாலும் “விருந்தும் மருந்தும் மூணு நாளைக்கு” என்பதை அம்மா மாமாவின் ஃபோன் வந்து போன பிறகெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அம்மா ஒருநாளும் அப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்பது அவள் பிறந்த ஊர்க் கணக்கு. பக்கத்தில் இருந்தால் “இங்கேருங்க.” கீழே ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தால் பால்கனிக் கம்பியில் கரண்டியால் ரெண்டு தட்டு. அதற்கும் திரும்பாவிட்டால் என்னைக் கத்தச் சொல்வாள். கோயிலில் அர்ச்சகர் பேர் கேட்டால் அப்பாவைப் பார்ப்பாள். அவர் தன் பேரைத் தானே சொல்லிக்கொள்வார். அவள் ஃபோனில் அப்பா நம்பருக்கு என் பேர்தான் போட்டிருந்தது.

நான் காக்கூ என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு மராத்தி அத்தைக்கு இது தீராத வேடிக்கை. அவர்கள் வழக்கம் நேர் எதிர். கல்யாணத்திலும் மஞ்சள் குங்குமத்துக்கும் கூடும் பெண்கள் புருஷன் பேரை ஒரு பாட்டுக்குள் வைத்துச் சொல்லியே ஆக வேண்டும். மாம்பழம், மழை, பிம்ப்ரி பஸ் என்று எதைக் கொடுத்தாலும் காக்கூ தன் புருஷனை அதில் ஏற்றிவிடுவார். “ஒரு தடவை சொல்லேன். உன் ஆளை நாங்க என்ன தூக்கிக்கிட்டா போயிடுவோம்?” என்று இந்தியில் சீண்டுவார். அம்மா சிரித்துக்கொண்டே தட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடிவிடுவாள்.

எனக்கோ அந்தப் பேரில் ஒரு பாரமும் இல்லை. இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளை பேருக்குப் பின்னால் அப்பன் பேரையும் சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். தினமும் காலையில் டீச்சர் வாயில் அப்பா வந்துவிட்டுப் போவார். அதனால் பேங்க், கேஸ் கம்பெனி, அப்பாவின் தொழிற்சாலை என்று எங்கே போனாலும் நானே முன்னால் நின்று சொன்னேன். என்னவோ நான்தான் வீட்டுக்குப் பெரியவள் என்று நினைப்பு. நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்கிற கதையாக, ஆள் இருந்தால் சீல் இருக்காது, சீல் இருந்தால் ஆள் சாப்பிடப் போயிருப்பார். “சர்க்கார் வேலை, ஆறு மாசம் பொறு” என்று அதற்கும் காக்கூ ஒரு மராத்திச் சொலவடை வைத்திருந்தார். வைத்திருந்தாரே தவிர, பொறுக்கவில்லை. ஒவ்வோர் இடத்துக்கும் கூடவே வந்து சண்டை போட்டார்.

கடைசியில் வாரிசுச் சான்றுக்கான ஆபீஸ். அங்கே ஒரு மேடம். காக்கூ வெளியே பெஞ்சில் இருக்க, நாங்கள் மட்டும் உள்ளே போனோம்.

“சத்தியம் பண்ணிச் சொல்லணும். புருஷன் பேர் என்ன?”

நான் வாயைத் திறந்தேன். மேடம் கையைக் காட்டினார். “நீ இல்ல. அம்மா சொல்லட்டும்.”

அம்மா என்னைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். பிறகு தனக்குத் தெரிந்த இந்தியில், “சாமி பேரு மேடம். சமுத்திரத்துப் பக்கம் இருக்கிற சாமி,” என்றாள். திருச்செந்தூரைத்தான் சொல்கிறாள். எங்கள் ஊரில் யாரிடம் சொன்னாலும் அரை நொடியில் பிடித்துக்கொள்வார்கள்.

மேடம் யோசித்தார். “துவாரகையா?”

அம்மா இல்லையென்று தலையாட்டினாள்.

“பூரி ஜகன்னாதரா?”

அவள் அதற்கும் தலையாட்டியதும் மேடத்தின் முகம் மாறிவிட்டது. எவனோ ஒருவனின் பெண்டாட்டி என்று பொய் சொல்லிக்கொண்டு வருகிறவர்களை அவர் பார்த்திருப்பார் போலிருக்கிறது. காகிதங்களை ஒதுக்கி வைத்தார். “புருஷன் பேர் தெரியாத பெண்டாட்டியை நான் இப்பத்தான் பார்க்கிறேன். வெளியில இருங்க.”

நான் ஓடிப்போய்க் காக்கூவைக் கூட்டி வந்தேன். அவர் வந்த வேகத்தில் மேசை ஆடியது. இவர்கள் ஜனத்தில் இப்படித்தான், இவள் பொய்க்காரி இல்லை, சுவருக்கு அந்தப் பக்கமே குடியிருக்கிறேன், அந்தப் பேரை வேண்டுமானால் நான் சொல்கிறேன் என்று மராத்தியில் பொரிந்து தள்ளினார். மேடம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். குரலும் தணிந்துவிட்டது.

“புரியுது தாயி. ஆனா இவங்க சத்தியத்தை நீங்க பண்ண முடியாதே.”

காக்கூ அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். “அடி பைத்தியமே, இனிமே அந்த ஆயுசுல குறையறதுக்கு என்ன இருக்கு?” என்றார், மெதுவாக.

அம்மா மேசையில் ஒதுக்கி வைத்த காகிதங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேலையும் போச்சு, பள்ளிக்கூடமும் போச்சு, மாமா வீட்டுக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று எனக்கு அழுகை முட்டியது. அப்போது அவள் தரையைப் பார்த்தபடி, முணுமுணுப்பாக, அந்தப் பேரைச் சொன்னாள். அவள் குரலில் அதைக் கேட்க வேறு யாரோ ஒருத்தரின் பேர்போல இருந்தது.

மேடம் எழுதிக்கொண்டார். சீல் விழுந்தது. “ஆச்சும்மா, போயிட்டு வாங்க.”

காக்கூ எழுந்தார். நானும் பையை எடுத்துக்கொண்டேன். அம்மா மட்டும் எழுந்திருக்கவில்லை. தலையை நிமிர்த்தி, கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்து, மறுபடியும் அதே பேரைச் சொன்னாள்.

“எழுதிட்டேன் தாயி,” என்றார் மேடம்.

அவர் காதில் சரியாக விழவில்லை என்று அம்மா பயப்படுகிறாள், எங்கே வேலை கெட்டுவிடுமோ என்றுதான் திருப்பிச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அவள் முந்தானையைப் பிடித்து இழுத்து, “அவங்களுக்குக் கேட்டிருச்சும்மா,” என்றேன்.

அம்மா வாசல் பக்கம் திரும்பி, அந்தப் பேரைச் சொல்லி, இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டாள்.