ஒறம்பரை வந்திருக்காங்ளா?

மைசூரில் ஒரு கன்னட வானொலியில் நான் நிகழ்ச்சி நடத்தியபோது, வாசலில் ஒரு காவலாளி இருந்தார். கௌதள்ளிக்காரர். ஒல்லி உடம்பு, அதற்குப் பொருந்தாத பெரிய மீசை. யாரிடம் பேசுவதானாலும் முதலில் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார்.

எங்கள் நிகழ்ச்சியில் விருந்தினர் யாரையாவது போலப் பேச, அது யாரென்று நேயர்கள் போனில் கண்டுபிடிக்க வேண்டும். ஒருநாள் விருந்தினர் வராததால் இவரை இழுத்துவந்து உட்காரவைத்தேன். மைக்குக்கும் தொப்பியைக் கழற்றினார். பிறகு கீச்சுக்குரலில், “உண்டனுங்மா. ஊட்டுக்கு ஒறம்பரை வந்திருக்காங்ளா?” என்றார்.

ஒரு நேயர் நடிகை பெயரைச் சொன்னார். இன்னொருவர் மார்க்கெட் பூக்காரி என்றார். எனக்குத்தான் முகம் சுட்டது. தினமும் மதியம் வாசலில் நின்று, கௌதள்ளிக்குப் பக்கத்து ஊரான மார்டள்ளியில் இருக்கும் அம்மாவிடம் போனில் நான் பேசுவது அப்படித்தான். விருந்தாளிகளை எங்கள் பக்கம் ஒறம்பரை என்போம். எனக்குத் தமிழ் வரும் என்பதே ஆபீசில் யாருக்கும் தெரியாது. விடையைச் சொல்லாமல் பாட்டைப் போட்டுவிட்டேன்.

“என்னை எதுக்குண்ணா மாட்டிவிட்டீங்க?” என்று பிறகு சண்டைக்குப் போனேன்.

தொப்பியைக் கழற்றினார். “ஒறம்பரைன்னு இங்க வேற யாருங் மேடம் சொல்றாங்க? அதைக் கேக்கத்தானுங் மத்தியானம் டீக்குக்கூடப் போகாம நிப்பேன்.”

அவர் எப்போது வேலையை விட்டுப் போனாரென்று நான் கவனிக்கவில்லை. அம்மாவும் போய்விட்டார். அந்த ஒலிப்பதிவு மட்டும் என்னிடம் இருக்கிறது. சில மதியங்களில் போட்டுக் கேட்கிறேன். என் குரலில் அவர் விசாரித்ததும், “யாரும் வரல கண்ணு, நீ எப்ப வர்றே?” என்று அம்மாவைப் போலச் சொல்லிப் பார்க்கிறேன். அந்தக் குரல் எனக்கு வரவில்லை.