வெட்டாத தாள்கள்

அந்நாளில் சென்னையிலிருந்து கப்பலில் வரும் புத்தகங்கள் பலவற்றில் தாள் வெட்டியிருக்காது. மடித்துத் தைத்தபடியே அனுப்பிவிடுவார்கள். வாங்குகிறவர்தான் கத்தியால் மடிப்பைக் கீறிப் பிரித்துப் படிக்கவேண்டும்.

பினாங்கில் நடந்த ஒரு சிறிய வாரப் பத்திரிகைக்கு நான் பெயர் போடாமல் மதிப்புரை எழுதிவந்தேன். வேலை, செட்டியார்கள் வட்டிக்கடை நடத்தும் கிட்டங்கியில் குமாஸ்தா. படிப்பு ஆறாம் வகுப்பு. துப்பறியும் நாவல், பக்திப் பாடல், சமையல், பூகோளம், கோழி வளர்ப்பு என்று ஆசிரியர் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வேன். மறுக்க வாய் வராது. எழுதுவது நான்தான் என்று ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்று பயம். அதைவிடப் பெரிய பயம், முழுதும் படிக்காமல் எழுதுகிறேன் என்பது தெரிந்துவிடுமோ என்பது. நாவல்களை மட்டுமே கடைசித் தாள்வரை வெட்டினேன். மற்றவற்றில் முகவுரையும் நடுவில் இரண்டு தாளும் போதும். எல்லா வீட்டிலும் இருக்கவேண்டிய நூல் என்று முடித்துவிடுவேன்.

ஒரு வைத்தியப் புத்தகத்தையும் அப்படியே முடித்தேன். நான் வெட்டிய தாளில் ஓர் இருமல் கஷாயம் இருந்தது. அதன் செய்முறையை அப்படியே எடுத்துப் போட்டுத் தனியே பாராட்டியும் வைத்தேன்.

அந்த மதிப்புரை வெளியான சனிக்கிழமை கிட்டங்கி மத்தியானம் மூடியதும் அச்சுக்கூடத்துக்குப் போனேன். பத்திரிகை காலையிலேயே வெளியாகியிருந்தது. அச்சுக்கோப்பவர் இடத்தில் இல்லை.

"புள்ளைக்கு இருமலாம், சீக்கிரம் போய்ட்டாரு," என்றார் ஆசிரியர். "உங்க மதிப்புரையக் கோக்கும்போதே அந்தக் கஷாயத்த எழுதி வச்சிக்கிட்டாரு. உங்களுக்கும் ஒரு ரசிகர் கிடைச்சிட்டாரு லா!"

அச்சுக்கோப்பவரின் மகளுக்கு வயது மூன்று. நான் படிக்காமல் விட்ட பாதி நினைவுக்கு வந்தது. புத்தகம் மேசைமேல் கிடந்தது. பின்பாதி நான் விட்டபடியே மடிப்புக் கலையாமல் இருந்தது. அங்கிருந்த அடிக்கோலின் விளிம்பால் கீறினேன். தாள் கோணலாகக் கிழிந்தது. கடைசிக்கு முந்திய பக்கத்தில், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அந்தக் கஷாயம் ஆகாது, மூச்சை அடைக்கும் என்று எழுதியிருந்தது.

ரிக்‌ஷாவில் புத்தகத்தோடு ஏறி, அச்சுக்கோப்பவர் குடியிருந்த சுங்கை பினாங்குக்குப் போகச் சொன்னேன். "செப்பாட்! செப்பாட்!" என்று மலாயில் வழியெல்லாம் விரட்டினேன். இழுத்த சீனர் திரும்பி முறைத்தார். தெருவில் யாரிடமும் குரல் உயர்த்திப் பேசியறியாதவன் நான். ஒரு குறுக்குச் சந்தில் பிள்ளை அழும் சத்தம் கேட்டது. அதைத் தாண்டியபின் எதுவும் கேட்கவில்லை. 

அச்சுக்கோப்பவர் வீட்டுக் கதவு திறந்திருந்தது. பாயில் பிள்ளை அசையாமல் படுத்திருந்தாள். பக்கத்தில் வெறும் கிண்ணம். அடியில் கறுப்பாகக் கஷாயத்தின் கசடு.

"குடுத்துட்டீங்களா?" என்று கத்திவிட்டேன்.

அச்சுக்கோப்பவரின் மனைவி பதறி எழுந்தாள். "மெதுவாண்ணே, இப்பத்தான் தூங்குறா. என்னத்தக் குடுத்தோம்?"

"கஷாயம்."

"அதுவா? முதல்ல நீங்க குடிச்சுக் காட்டுங்கன்னு இவர்கிட்ட சொன்னேன். வீராப்பா மொத்தத்தையும் குடிச்சிட்டாரு. அப்பலேருந்து கொல்லைக்கும் வாசலுக்கும் நடந்துகிட்டு இருக்காரு!"

நான் குனிந்து பிள்ளையின் மூச்சைக் கவனித்தேன். சீராக வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அச்சுக்கோப்பவர் வயிற்றைப் பிடித்தபடி கொல்லையிலிருந்து வந்தார். "என்னண்ணே, நம்ம வீட்டுப் பக்கம்?"

புத்தகத்தை நீட்டினேன். கிழிந்த பக்கத்தை எழுத்தெழுத்தாகப் படித்தார்.

"முழுசும் படிச்சிட்டுத்தானே எழுதினீங்க?"

"இல்ல."

அவர் புத்தகத்தை மூடித் திருப்பிக் கொடுத்தார். மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். அதன்பின் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அடுத்த வாரம், புத்தகத்தை முழுதும் படிக்காமல் புகழ்ந்துவிட்டேன் என்று எழுதி, அந்த எச்சரிக்கையையும் சேர்த்துக் கீழே முதல்முறையாக என் பெயரைப் போட்டேன். அதையும் அச்சுக்கோப்பவர்தான் கோத்தார்.

ஆனால் அந்தச் சனிக்கிழமைப் பத்திரிகை படகேறி அக்கரையிலுள்ள பாகான் டாலாமுக்கும் தாசேக் கெலுகோர் தோட்டங்களுக்கும் முன்பே போய்விட்டதே. முதல் இதழைப் படித்தவர்கள் எல்லாரும் இரண்டாவதைப் படித்தார்களா? தோட்டத்திலிருந்து யாராவது கிட்டங்கிக்கு வந்தால், அங்கே குழந்தைகள் சௌக்கியமா என்று கேட்பேன். ஏன் கேட்கிறேன் என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.