அங்கின் என்றாள்

மலேசியாவில், கேரி தீவின் செம்பனைத் தோட்டத்து லயங்களில் பெண்களுக்கு பிரஷர் பார்ப்பது என் வேலை. முன்பு நானும் அங்கே உதிரிப் பழம் பொறுக்கியவள்தான். கிளினிக்கில் மூன்று நாள் சொல்லிக் கொடுத்தார்கள். மெஷினும் படம் போட்ட ஒரு நோட்டும் தந்தார்கள். இப்போது பழம் பொறுக்குகிறவர்கள் இந்தோனேசியாவிலிருந்து வந்த பெண்கள்.

அதில் ஒருத்திக்கு நாற்பது வயது இருக்கும். ஒரு சனிக்கிழமை அவளுக்கு பிரஷர் ஏறியிருந்தது. நெஞ்சு எப்படி என்று மலாயில் கேட்டேன்.

"மாசோக் அங்கின், காக்" என்று சிரித்தாள். காக் என்றால் அக்கா. காற்று உள்ளே புகுந்துவிட்டதாம். நாமும் அதைத்தானே வாயு என்கிறோம். எனக்கு உடனே புரிந்துவிட்டது. புரிந்ததுதான் தப்பு. ஓமத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தேன். திங்கட்கிழமை கிளினிக்குக்குப் போ என்றேன்.

மறுநாள் காலை ஓமத் தண்ணீர் கொடுத்த பாத்திரத்தை வாங்கப் போனேன். அவள் பாயில் குப்புறக் கிடந்தாள். கூட இருப்பவள் சில்லறைக் காசால் முதுகைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். காற்றை எடுக்க அவர்கள் செய்யும் வைத்தியம் அது. முதுகெல்லாம் சிவப்புக் கோடு. இடது தோளில் மட்டும் கோட்டின் மேல் கோடு. தோல் கன்றிப்போயிருந்தது.

"ஏன் அங்கேயே சுரண்டுற?"

"அங்கதான் காத்து நிக்குதாம்."

அவளை எழுப்பி உட்காரவைத்தேன். "எங்கே, விரலால காட்டு."

நெஞ்சின் நடுவில் வைத்தாள். தோளுக்குப் போனாள். தாடையில் வந்து நின்றாள். நோட்டில் மாரடைப்புக்குப் போட்டிருந்த படத்திலும் வலி அப்படியேதான் போகும். காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது. அவள் நெற்றி வேர்த்திருந்தது.

ஆஸ்பத்திரி என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம் காக். மண்டோருக்குத் தெரிஞ்சா ஊருக்குக் கப்பல் ஏத்திடுவாரு. மக படிக்கிறா."

"செத்தா பொட்டியில வச்சு ஏத்துவாங்க. எது வேணும்?"

கடுமையாகத்தான் சொன்னேன்.

மண்டோர் என்றால் கங்காணி. நம்ம தமிழ் ஆள்தான். வாசலில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"என்னக்கா, டாக்டர் ஆயிட்டீங்களா? காத்துதான் லா. அவளுங்க எல்லாத்துக்கும் அதான் சொல்வாளுங்க."

"நேத்து நானும் அப்படித்தான் நெனச்சேன். வேன் சாவிய எடு தம்பி."

என் முகத்தைப் பார்த்தார். வேனை அவரே ஓட்டினார்.

கிள்ளானில் ஆஸ்பத்திரியில் மாரடைப்பு என்றார்கள். எப்போதிலிருந்து வலி என்று கேட்டார்கள். நேற்றிலிருந்து என்று நான்தான் சொன்னேன். ஓமத் தண்ணீரையும் சொன்னேன். டாக்டர் அதையும் எழுதிக்கொண்டார்.

பிழைத்தாள். கப்பல் ஏற்றவில்லை. நாற்றங்காலில் உட்கார்ந்து களை பிடுங்கும் வேலையை மண்டோர் கொடுத்தார். பெர்மிட் முடியும் வரைக்கும். அதற்குப் பிறகு எனக்குத் தெரியாது.

இப்போது யார் அங்கின் என்றாலும் வாயு என்றாலும் விரலால் காட்டச் சொல்கிறேன். போன வாரம் அவளே ஒருத்தியை இழுத்து வந்தாள்.

"இவளுக்கும் அங்கினாம் காக். ஏய், விரலக் காட்டுடி."

அந்தப் பெண் வயிற்றைக் காட்டினாள். பிரஷர் பார்த்தேன். சரியாக இருந்தது. அதற்குப் பிறகுதான் ஓமத் தண்ணீருக்கு அடுப்பைப் பற்றவைத்தேன்.